ரயில் தாமதமானால் நாம் முந்தி வந்தவர்கள்

கணக்கு சார்,

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் உட்கார்ந்திருக்கிறேன். அவித்த மல்லாட்டைக் கூடை ஒன்று கடந்துபோனது. அந்த ஈர வாசனை வந்ததும் என் கண் பக்கத்து இடத்துக்குப் போனது. கடலைத்தோல் போட நீங்கள் காகிதம் விரித்திருப்பீர்கள் என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மீட்டர் கேஜ் வண்டி ஓடிய கடைசி ஆண்டுகளில் இங்கிருந்துதான் இருவரும் சிதம்பரத்துப் பள்ளிக்குப் போய்வந்தோம். பொருத்தமில்லாத எதைக் கேள்விப்பட்டாலும், "இங்கிலீஷ் சார், இதுக்கு என்னா வார்த்தை?" என்பீர்கள். மழையில் ஸ்கூட்டருக்குக் குடை பிடித்துத் தான் நனைந்தவர், அப்சர்ட். பூனைக்குப் பயந்து அலுவலகத்துக்கே போகாதவர், இர்ரேஷனல். நேற்றுக் கொடுத்த புத்தகம் முழுவதையும் இன்று ஒப்பிக்கச் சொன்ன வாத்தியார், அன்ரீசனபிள். "அவர் கணக்கு தப்பில்ல சார், கேக்கறதுதான் ஜாஸ்தி" என்று நான் விளக்கியதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டீர்கள்.

உங்களுக்கென்று ஒரு நகைச்சுவையும் இருந்தது. "ரயில் லேட்டுன்னா நாம சீக்கிரம் வந்தவங்க. ரயில் நேரத்துக்கு வந்தாத்தான் நாம லேட்டு. ஆக, நாம லேட்டாவறதுக்குக் காரணமே நேரத்துக்கு வர்ற ரயிலு." வகுப்பிலும் சரி, வண்டியிலும் சரி, யாரும் சிரித்ததில்லை. நான் அப்சர்ட் என்று மதிப்பெண் போட்டுவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை மல்லாட்டை வாங்காமல் ஏறினீர்கள். உங்கள் மகள் மலர், தன்னோடு படித்த ஆரோக்கியராஜைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள், கோயிலா தேவாலயமா என்ற சிக்கல் வரும், நாளைக்குப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று வரிசையாக அடுக்கினீர்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். கடைசியில், "எனக்குப் புடிக்கல" என்றீர்கள்.

"புடிக்கலங்கறது காரணமே இல்லன்னு நீங்கதானப்பா சொல்லிக் குடுத்தீங்க?"

அதோடு அவள் உங்களிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"எனக்கு என்னா வார்த்தை சார்?" என்று கேட்டீர்கள்.

"அன்ரீசனபிள். கல்யாணத்துக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போறவங்களுக்காக அவ காலம் பூரா வாழணும்னு கேக்கறீங்க."

புதுச்சத்திரம் தாண்டிய பிறகு, "அவங்கம்மாகிட்ட சொல்லி ஞாயித்துக்கெழம அந்தப் பையன வரச்சொல்றேன். நீங்களும் வாங்க" என்றீர்கள்.

அன்று நீங்கள் கேள்விகளோடு காத்திருந்ததை நான் அறிவேன். சிதம்பரத்திலிருந்து வரவேண்டிய ஆரோக்கியராஜ் அரைமணி கழித்து வந்தான். உங்கள் வீட்டம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்தபடி, "மன்னிச்சிக்குங்க சார், ரயில் லேட்டு" என்றான்.

முகத்தை இறுக்கிக்கொண்டே, பழக்கதோஷத்தில் சொன்னீர்கள்: "ரயில் லேட்டுன்னா நீ சீக்கிரம் வந்தவன்தான?"

ஒரு கணம் யோசித்தான். பிறகு குலுங்கிச் சிரித்தான். காப்பி உங்கள் வேட்டியில் கொட்டியது. மலர் கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் இன்னும் உள்ளயே வரக்கூடாது சார்! வாசல்ல நின்னு நேரத்துக்காகக் காத்திருக்கணும்!"

வேட்டியைக்கூடத் துடைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "மலரு, தம்பிக்கு வேற காப்பி கொண்டா" என்றீர்கள். ஒரு வாரம் கழித்து அவளோடு நீங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். "தோ வரேம்பா" என்று அவள் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

மறுநாள் வண்டியில் மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டீர்கள்: "வேணாம்னு சொல்ல அத்தன காரணம் வச்சிருந்தேன். சரின்னு சொல்ல ஒண்ணுகூட இல்ல. சிரிச்சான்னு பொண்ணு குடுத்தவன் நான்தான் சார். இதுக்கு என்னா வார்த்தை?"

இல்லாஜிக்கல் என்று வாய்வரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளிலும் ஒரு குட்டு இருந்தது. அன்று உங்கள் தலையில் குட்டு வைக்கத் தேவை எதுவும் இல்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். கொஞ்ச நாளில் தண்டவாளத்தை அகலப்படுத்த அந்த வண்டியையே நிறுத்தினார்கள். பேருந்தில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். பிறகு ஓய்வு பெற்றோம். போன மழைக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று மலர் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். வண்டி அரைமணி தாமதம் என்று இப்போதுதான் அறிவித்தார்கள். பக்கத்திலிருந்தவர் அலுத்துக்கொண்டார். அவரிடம் உங்கள் நகைச்சுவையைச் சொன்னேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பரவாயில்லை சார். அரைமணி தாமதமாகப் போய் வாசலில் நின்று, "ரயில் லேட்டு தம்பி" என்று சொல்லப்போகிறேன். ஆரோக்கியராஜ் சிரிப்பான்.