தாமதத்துக்குக் காரணம்

என் கோபக்காரிக்கு,

வருமான வரி உத்தரவு உன் மின்னஞ்சலுக்குத்தான் வந்திருக்கிறது. கடைக் கணக்கை நீதானே பார்த்தாய். நீ போன பிறகும் முகவரியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. நீ அதைப் பார்த்தாயா என்று கேட்கமாட்டேன். மேல்முறையீட்டுக் கெடு தாண்டிவிட்டது.

ஆடிட்டர் எரிந்து விழுந்தார். "ஏன் லேட்டுன்னு சத்தியம் பண்ணி எழுதணும் சார். பொய்யின்னா மனு தள்ளுபடி, அப்புறம் கடைக்குப் பூட்டுதான். வீட்டுல அவங்க எங்க?"

"வெளியூர் போயிருக்கா. வந்துடுவா."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் அதை அப்படியே தட்டச்சு செய்துவிட்டார்.

நாளை காலை தாக்கல் செய்தாக வேண்டும். இதை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே சொல்லிவிடு.

கடை கிடக்கட்டும். அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போடலாமா?

உன்,
முசுடு