நான் தூசி என்று எழுதிய விண்மீன்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை நடை இருபத்திரண்டு நிமிடம். மாத்திரை போட்டேனா என்று ஐயம். அட்டையை எண்ணிப் பார்த்தேன், போட்டிருக்கிறேன்.

மதியம் மகள் வந்தாள். தட்டில் கை வைக்குமுன் கைபேசியில் ஒரு வரைபடம் காட்டினாள். வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் சிறு கோள்களை அளவுவாரியாக அடுக்கினால் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். பூமியைப் போல் ஒன்றரை மடங்குவரை உள்ளவை பெரும்பாலும் வெறும் பாறை. இரண்டு மடங்கைத் தாண்டியவை பாறைக்கு மேல் வாயுவைப் போர்த்திக்கொண்டவை. இடையில் மிகச் சிலவே. அவள் குழு கண்ட கோள் 1.8. பள்ளத்தின் நட்டநடுவில்.

"சூரியனோட வெக்கையில போர்வை இப்பதான் கழண்டுகிட்டு இருக்குப்பா. கையும் களவுமா பிடிச்சிருக்கோம்."

"பிடிச்சது எங்கயும் ஓடிடாது. சாப்பாடு ஆறுது பாரு" என்றாள் அவள் அம்மா.

குழுவில் ஒன்பது பேர் என் மகளின் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். என் சொல்லுக்கு இந்த வீட்டு அழைப்புமணிகூடக் காத்திருந்ததில்லை. பெருமையாக இருந்தது. இன்னொரு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மகள் தொலைபேசியில் கேட்டாள். அந்தக் கோளின் விண்மீன் வானில் மெல்ல நகர்வது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வான் ஆய்வகத்தில் எடுத்த கண்ணாடிப் புகைப்படத் தட்டில் அது சற்றுத் தள்ளி நிற்கிறது. இன்று அது நிற்கும் இடத்தில், அந்தத் தட்டில் ஒரு மங்கல் புள்ளி. அது பின்னால் உள்ள வேறொரு விண்மீன் என்றால் இன்று இரண்டின் ஒளியும் கலந்துதான் வரும். கணக்கு கெட்டுவிடும்.

"பதிவேட்டுல 'தூசி'ன்னு இருக்குப்பா. உங்க கையெழுத்து."

"அப்போ தூசிதான்" என்றேன்.

"அது போதும். எங்கப்பா தூசின்னா தூசிதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புறோம்."

முப்பத்தொரு ஆண்டு தட்டு அளந்ததற்கு இதைவிட என்ன விருது வேண்டும்?

பிப்ரவரி 6, வெள்ளி

தூசிதானா?

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு நாளாக அதே நினைவு. உண்மையை இங்காவது எழுதுகிறேன். அந்தப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. 'சந்தேகம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்போதைய தலைவர் அதற்கு முந்தைய வாரம்தான் எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார்: "சந்தேகம்னு எழுதுறதுக்கு உனக்கு எதுக்குய்யா இந்த நாற்காலி?" பயந்துபோய் 'தூசி' என்று எழுதினேன். அழுத்தமான கையெழுத்து. பயந்தவன் கையெழுத்துதான் அழுத்தமாக இருக்கும் போலிருக்கிறது.

இப்போது போய்ச் சொன்னால்? இந்த ஒரு புள்ளிதானா என்று கேட்பார்கள். முப்பத்தொரு ஆண்டு வேலையும் சந்தி சிரிக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆய்வகத்துக்குப் போனேன். தட்டறைக் காப்பாளரை எல்லாரும் 'பூட்டு' என்றே கூப்பிடுகிறார்கள்; தேநீர்க் கோப்பையைக்கூடப் பூட்டி வைப்பவர்.

"சார், ரிட்டயர் ஆனவங்க நிம்மதியா பேப்பர் படிப்பாங்க. நீங்க தட்டு படிக்க வந்திருக்கீங்களே."

"ஒரே ஒரு தட்டுதான் தம்பி."

அதே வானப்பகுதியைப் பதினொரு நாள் கழித்து இன்னொரு முறை எடுத்த ஞாபகம். பழைய பட்டியலில் இருந்தது: 'மூலை உடைந்தது, அளக்கவில்லை.' உடைந்ததை அளப்பதில்லை என்பது அன்றைய விதி. பழுப்புத் தாளைப் பிரித்து, விளக்குப் பலகையில் வைத்து, உருப்பெருக்கியை இறக்கினேன்.

அதே இடத்தில் அதே புள்ளி. ஒரு தூசி பதினொரு நாள் கழித்து வேறொரு கண்ணாடியில் அதே இடத்தில் வந்து உட்காராது.

மூன்று முறை அளந்தேன். மூன்றும் ஒன்றுபோல் வந்தன. தாளில் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"அவகிட்ட சொல்லுங்க."

"அவ எல்லார்கிட்டயும் என் பேரைச் சொல்லியிருக்கா."

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கு இன்னொருத்தன் கண்டுபிடிச்சா தலைகுனியப்போறது அவ. உங்களுக்கு என்ன, நீங்க பிறந்ததிலேருந்தே குனிஞ்சுதான் நடக்கிறீங்க."

கோபம் வந்தது. அளவு குறித்த தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

பிப்ரவரி 11, புதன்

மகளின் அலுவலகம். குழுவில் நான்கு பேர் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் துணிச்சல் போய்விடும். நின்றபடியே சொன்னேன்: அது தூசி இல்லை, விண்மீன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது, எழுதப் பயந்தேன்.

மகள் ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த 1.8 உடைவதைப் பார்த்தேன். என்னால்தானே.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கப்பா. அளவெல்லாம் எழுதி வச்சிருப்பீங்களே, குடுங்க."

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டுரை போகவில்லை.

மார்ச் 2, திங்கள்

மகள் வந்து தரையில் உட்கார்ந்து விளக்கினாள். கோள் தன் விண்மீனின் குறுக்கே போகும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே அதன் அளவு. இரண்டு விளக்கு எரியும் அறையில் ஒன்றின் முன்னால் மட்டும் கை வைத்தால் வெளிச்சம் குறைந்தது பெரிதாகத் தெரியாது. கையும் சின்னது என்று நினைப்போம். அதுதான் நடந்திருக்கிறது. பின்னால் இருப்பது சிவந்த விண்மீன். எங்கள் பழைய தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். அதனால்தான் அதில் அத்தனை மங்கல். இன்றைய கருவியிலோ அது கோளின் விண்மீன் தரும் ஒளியில் பத்தில் நான்கு பங்கைக் கொட்டுகிறது.

திருத்தினால் 1.8 அல்ல, 2.1. பள்ளத்தைத் தாண்டிவிட்டது. அதே குடும்பத்தில் உள்ளே சுற்றும் குட்டிக் கோள் 1.3 அல்ல, 1.5.

"ஒரே வயித்துப் பிள்ளைங்கப்பா. உள்ளே இருக்கிறது வெக்கையில போர்வையை இழந்து பாறையா நிக்குது. தள்ளி இருக்கிறது போர்த்திக்கிட்டு இருக்கு. ஒரே சூரியன், ஒரே வயசு. தூரம் மட்டும்தான் வேற. இந்தப் பள்ளத்துக்கு வெக்கைதான் காரணமா, கோளோட உள்சூடா, இல்ல பிறக்கும்போதே தண்ணியோட பிறந்ததான்னு சோதிச்சுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி ஏது?"

"அந்த 1.8 போச்சேம்மா."

"அது எப்பவும் இருந்ததே இல்லையேப்பா."

இதை அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். அவள் பதினைந்து நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. என் மகள் பிடித்ததை விட்டுவிடத் தெரிந்தவள். நான் அதைக் கற்க எழுபத்து மூன்று வயதாயிற்று.

மார்ச் 19, வியாழன்

ஆய்வகக் கூட்டம். வழக்கம்போலக் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தேன். மகள் முப்பது நிமிடம் பேசினாள். முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "இரண்டாவது விண்மீனைக் கண்டுபிடிச்சது யாரு?"

"அதைத் தூசின்னு எழுதினவரேதான். எங்கப்பா."

சிரித்தார்கள். வலிக்கவில்லை. ஒருவர் திரும்பி, எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

மார்ச் 20, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் கொண்டுவந்து வைத்த மனைவி, "அவ்வளவு நேரமா பேசினீங்க?" என்றாள். நான்கு விரல்களைக் காட்டினேன். நாற்பது நிமிடம்.