சிலுவையைச் சுடாமல் எட்டாம் திரை

ஒரு குண்டைக்கூட வீணாக்காத என் ரோசி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் முடிந்தது. போன ஞாயிறு கம்பைநல்லூரில் உனக்கு நினைவுப் பூசை வைத்தோம். பிறகு வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. அங்கே நான் வாயைத் திறந்துவிட்டேன் அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பந்தியில் உன் மகள் அனிதா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மாவுக்கு டிவி ரிமோட்டே புடிக்கத் தெரியாதுங்க சித்தி. செல்போன் அடிச்சா யாராச்சும் எடுங்கன்னு ஓடுவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பதுகளில் வந்த அந்தத் தவக்காலத்தை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டுமா என்ன? குவைத்திலிருந்து வந்த மாமா ஒரு வீடியோ கேம் பெட்டியை நம் கருப்பு வெள்ளை டிவியில் மாட்டினார். நான் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். பள்ளிக்கூடம் இல்லை, தோழிகள் இல்லை. அந்தப் பெட்டி ஒன்றுதான் எனக்குத் துணை.

மாமாவுக்கு விளையாட்டுப் புத்தி. "நான் கெளம்பறதுக்குள்ள யாராச்சும் எட்டாவது திரையத் தாண்டுங்க, பெட்டி இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா கிருஷ்ணகிரிக்கு, எம்மாமியா வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன்" என்றார். நான் அழுதேன். நீ நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாய்.

கீழே கப்பலை நகர்த்தி, மேலிருந்து இறங்கும் எதிரிகளைச் சுட்டு, திரை திரையாகத் தாண்ட வேண்டிய ஆட்டம் அது. எதிரிகளுக்கெல்லாம் பெயர் வைத்தது நீதான். வரிசையாக இறங்கியவை வெட்டுக்கிளிகள். நடுவில் சுட்டால் கூட்டம் குறையாது, ஓரத்திலிருந்து காலி செய்ய வேண்டும். நெளிந்து வந்தது கம்பளிப்பூச்சி. உடம்பில் சுட்டால் இரண்டாகிவிடும், தலையில்தான் அடிக்க வேண்டும். மேலே பறந்த பருந்தை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது, அது நம்மை மயக்க வருவது. இத்தனையும் அண்ணன் சேவியர் ஆடியபோது பின்னால் உட்கார்ந்து நீ கண்டுபிடித்தவை.

ஐந்தாம் திரையில்தான் வினை. அங்கே இறங்கிய எதிரி, பார்க்க அச்சு அசல் சிலுவை. அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "ஐயோ ஏசுவே! தவக்காலத்துல சிலுவையவா சுடறீங்க?"

"அது ஏரோப்பிளேனுங்க அக்கா" என்றார் மாமா.

"பிளேனோ என்னமோ, பாத்தா சிலுவையாட்டந்தான இருக்குது? சுடறவனுக்கு இந்த வூட்ல சோறு கெடையாது."

அதற்குப் பிறகு யாரும் சிலுவையைச் சுடவில்லை. போதாக்குறைக்கு, சிலுவை இறங்கும்போதெல்லாம் அண்ணன் வலது கையைக் கப்பலை நகர்த்தும் குச்சியிலிருந்து எடுத்து, சிலுவை போட நெற்றிக்குக் கொண்டுபோவார். அந்த இடைவெளியில் கப்பல் வெடித்துவிடும். உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இப்படித் தோற்றிருப்பார்களா?

மத்தியானங்களில், எல்லாரும் காட்டு வேலைக்குப் போன பிறகு, நீ ஆடினாய். ஆடினாயா, எங்கே! சுடவே மாட்டாய். இருக்கிற மூன்று உயிரையும் அப்படியே விட்டுவிடுவாய். எனக்கு ஆத்திரம் பொங்கும்.

"சுடுக்கா!"

"இருடி. அது எங்க வந்து உளுவுதுன்னு மொதல்ல பாத்துக்கறேன்."

மூன்றாம் நாள் உன் முகம் மலர்ந்தது. "அது நம்ம மேல வரல செலின். கெளம்பறப்ப நாம நின்ன எடத்துக்குத்தான் வருது. நாம அங்க இல்லாட்டி போதும்." எத்தனை எளிமை! அதைப் பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

மாமா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் ஞாயிறு. ஒரு பூசையைக்கூடத் தவறவிடாத நீ, காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டாய். கோயில் மணி அடித்தது. தெருவே காலியானது. போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்து குச்சியைப் பிடித்தாய். எட்டாம் திரையில் மூன்று சிலுவைகள் ஒன்றாக இறங்கின. நீ இடது மூலையில் நின்றாய், அவை கிளம்பின, நீ மெதுவாக விலகினாய். ஒன்றன் மேலும் உன் குண்டு படவில்லை. கடைசி வெட்டுக்கிளி விழுந்ததும் திரையில் ஒரு கொடி ஏறியது. அவ்வளவு அழகாக யாரும் எதையும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

வாசலில் சத்தம். நீ போர்வைக்குள் பாய்ந்தாய். பிரசங்கத்திலேயே நழுவி வந்திருந்த அண்ணன் டிவி முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்தார். பூசை முடிந்து வந்த மாமா, "டேய், முடிச்சுட்டியாடா!" என்று அவரைத் தூக்கிவிட்டார். அண்ணன் நம் பக்கம் திரும்பினார். நீ உதட்டில் விரலை வைத்தாய். உண்மை தெரிந்தால் பொய்க்காய்ச்சலும் தெரியும், அம்மா பெட்டியையே வெளியே எறிவாள். பெட்டி எனக்குத் தங்கியது. பேர் அண்ணனுக்குப் போனது.

இதையெல்லாம் பந்தியில் சொல்லிவிட்டேன். நரைத்த தலையோடு அண்ணன் எழுந்து நின்றார். "செலின் சொல்றது நெசந்தான். நான் வந்தப்பவே கொடி ஆடிக்கிட்டு இருந்துச்சு. என்னய சாம்பியன்னு கூப்புடறப்பல்லாம் கண்ணு அவளத்தான் தேடும். அவ சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவா."

அனிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "எம்பையன் போன்ல கேம் ஆடறப்ப அம்மா பின்னாடியே நின்னு பாப்பாங்க சித்தி. ஒரு நாளு, 'அவசரப்படாத கண்ணு, நீ நின்ன எடத்துக்குத்தான் அது வரும்'ன்னாங்க. 'உங்களுக்கு என்னம்மா தெரியும், போயி படுங்க'ன்னு நாந்தான் சொல்லிட்டேன்" என்றவள், எச்சில் கையோடு அழுதாள்.

அப்போதும் நீ சிரித்துக்கொண்டே எழுந்து போனாயா அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இனி நான் சொல்வேன். எட்டாம் திரையைத் தாண்டியவள் ரோசி என்று உன் பேரனிடம் முதலில் சொல்வேன். நீ சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயோ இல்லையோ, அந்தப் பொய்க்காய்ச்சலையும் சேர்த்தே சொல்வேன். எனக்காக நீ படுத்த காய்ச்சல் அது.

நீ ஜெயித்துக் கொடுத்த பெட்டியோடு அந்தக் கோடையைக் கடந்த
உன் மாவுக்கட்டுத் தங்கை,
செலின்