உங்கள் தப்போடு ஒரு மூன்றாவது இறக்கை

என் பாசத்துக்கும் சண்டைக்கும் ஒருசேர உரிய மச்சான்,

நீங்கள் இருக்கிற இடத்தில் காற்று எப்படி? இங்கே ஏற்காட்டில் அமோகம். இந்த மலைமேல் உள்ள அத்தனை கோயில் மணிகளையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: நான் இப்போது எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் போகட்டும், நீங்கள் நம்பினால் போதும். உயிரோடு இருந்தவரை நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

போன மழைக்கு நீங்கள் கிளம்பியபோது, கொட்டச்சேட்டு வீட்டில் உங்கள் கட்டிலுக்கு மேலே அந்த ரிமோட் விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் சின்ன மோட்டார். அதன் தலைக்கு மேல், காற்றாடி மாதிரி எதிர்க்காற்றில் தானாகவே சுற்ற வேண்டிய தெர்மாகோல் இறக்கைகள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எஸ்டேட் ரைட்டராக எத்தனை பேருக்கு லீவு எழுதியிருக்கிறீர்கள்! மூன்றாவதை முடிக்கிற வரைக்கும் உங்களுக்கும் கொஞ்சம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாதா?

போன மாதம் உங்கள் சம்சாரம், அதாவது என் ரோசி அக்கா, விமானத்தைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, பஜாரில் என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்து நின்றது. கூடவே உங்கள் மகள் ஸ்டெல்லா, அழுத கண்ணோடு.

"தம்பி, இத ஒருக்காப் பறக்க உட்டுக் காட்டு. இத்தன வருசமா அந்த மனுசன் தேய்ச்ச தெர்மாகோலக் கூட்டி அள்ளியிருக்கறன். பறந்து ஒருநாளும் பாத்ததில்ல. அவரு கூப்புட்டப்பெல்லாம் அடுப்புல ஏதாச்சும் இருந்துச்சு."

"மாமா, அப்பா கையால செஞ்சதுல இந்த ரெண்டு றெக்கதாங்க மிச்சம்" என்றாள் ஸ்டெல்லா. "ஒடஞ்சா யாருங்க செஞ்சு குடுப்பாங்க? கண்ணாடிப் பெட்டில வெச்சுரலாங்க."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்து வருமா, கண்ணு?" என்று கேட்டது அக்கா.

சொல்லிவிட்டு விமானத்தை என் மேசைமேல் வைத்துவிட்டது.

சேலத்திலிருந்து மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கிவந்தேன். ஹீட்டர் கம்பியை வில்லில் கட்டி, கரண்ட் கொடுத்துச் சூடாக்கி, வெண்ணெயில் ஓடுகிற மாதிரி தெர்மாகோலில் ஓட்டி ஓர் இறக்கையை அறுத்தெடுத்தேன். முன் விளிம்பில் மூங்கில் சிம்பு, மேலே டேப், பின் விளிம்பு பிளேடு போல. அடடா! அந்த இறக்கையின் அழகைப் பார்த்து ஏரியில் போன படகுகள் எல்லாம் வெட்கப்பட்டுக் கரை ஒதுங்கின.

மாட்டி, டேபிள் ஃபேன் முன்னால் பிடித்தேன். ஆடியது பாருங்கள் ஓர் ஆட்டம்! எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டூரிஸ்ட் ஒருத்தர் கட்டின பல்லைக் கையால் தாங்கிக்கொண்டார். குப்பனூர் வரைக்கும் கொடியிலிருந்து மிளகு உதிர்ந்தது.

"எதுக்குடா இப்படி நடுங்குது?"

"மச்சான் செஞ்சது தப்புக்கா. பின்பக்கம் நொம்பத் தடிமனா உட்டிருக்காரு. நான் செஞ்சது சரியா இருக்குது. ஒண்ணுக்கொண்ணு சேரல."

"அப்ப நீயும் தப்பாச் செய்."

உலகத்தில் எந்த நிபுணனுக்கும் இப்படி ஓர் உத்தரவு வந்திருக்காது. பின் விளிம்பைப் பற்றி நாம் போட்ட சண்டை கொஞ்சமா? மெல்லிசாக இருந்தால் சில்வர் ஓக் கிளையில் பட்டுக் கிழியும் என்பீர்கள். தடித்தால் காற்று மதிக்காது என்பேன். இப்போது உங்கள் கட்சிக்கு நானே வேலை செய்ய வேண்டியதாகிவிட்டது.

சரியாகச் செய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்களை மாதிரித் தப்பாகச் செய்ய பாதி மீன் மார்க்கெட்டின் பெட்டிகளைக் காலி பண்ணினேன். மிளகுக் கடைத் தராசில் எடை பார்க்கப் போனால், "தெர்மாகோல் கிலோ என்ன வெலைக்குப் போகுதுங்ணா?" என்று கடைப் பையனின் நக்கல். எடை ஒத்துவந்தது, ஆனாலும் ஆடியது. அப்புறம்தான் தடவிக் கண்டுபிடித்தேன், நுனியில் டேப்புக்கடியில் நீங்கள் இறக்கைக்கு ஒரு குண்டூசியைப் புதைத்திருந்ததை. திருட்டு மனுசன்! எடை போதாததற்கு வைத்தீர்களா, என்னை அலைக்கழிக்க வைத்தீர்களா?

உங்கள் கட்டைவிரல் அழுந்திய பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்த்து, அதேபோல் தேய்த்து, நுனியில் நானும் ஒரு குண்டூசியைப் புதைத்தேன். எங்கே உங்கள் கை அசந்தது, எங்கே பொறுமை போனது, எங்கே டீ குடிக்க எழுந்து போனீர்கள் எல்லாம் தெரிந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்தபோதுகூட உங்களை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறேனா?

ஃபேன் முன்னால் பிடித்தேன். நடுக்கம் நின்றது. நீங்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை மச்சான். ஒத்துப்போச்சு என்கிறேன், அவ்வளவுதான்.

எஸ்டேட்டின் காப்பிக் களத்திலிருந்து பறக்கவிட்டோம். காய் எதுவும் காயப்போடாத நேரம், சிமெண்ட் தரை வெறிச்சென்று கிடந்தது. பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. ஸ்டெல்லா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். இறக்கைகள் மெதுவாகத் திரும்பி, வேகம் பிடித்து, ஒரே வட்டமாகத் தெரிய ஆரம்பித்தன. விமானம் களத்தை விட்டு எழும்பியது.

அப்புறம் நடந்ததுதான் சரித்திரம். மீன் வாசத்துக்கு மலையிலிருந்த பருந்துகள் எல்லாம் கூடிவிட்டன. மூத்த பருந்து ஒன்று கூடவே பறந்து, இறக்கையை மோந்து பார்த்து, "இது மத்தி" என்று மற்றவற்றுக்குச் சொன்னது. சேலத்தில் போக்குவரத்து நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு மேகம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

இறங்கும்போதுதான் கிளையில் தட்டியது. ஸ்டெல்லா ஓடினாள். ஓர் இறக்கை இரண்டாகக் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"எதுடா ஒடஞ்சுது?" என்று அக்கா தூரத்திலிருந்தே கத்தியது.

"என்னுதுதாங்க்கா!"

"அப்பாடா. உன்னுதுன்னா செஞ்சுக்கலாம்."

அம்மாவும் மகளும் சிரித்ததைப் பார்த்து நான் கோபித்துக்கொண்டேன், ஒரு மரியாதைக்கு.

செய்துகொள்கிறேன் மச்சான். வாக்குக் கொடுக்கிறேன்: எத்தனை உடைந்தாலும் அதே தடிமன், அதே பள்ளம், அதே குண்டூசி. பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிட வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டாகிவிட்டது. உங்கள் தப்பு இனி என் பொறுப்பு.

பருந்து பேசியது பொய். சேலம் நின்றது பொய். மேகம், படகு, பல் எல்லாம் என் கைச்சரக்கு. ஒன்று மட்டும் நிஜம். அது மேலே வட்டமடித்தபோது அக்கா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, என் பக்கமோ ஸ்டெல்லா பக்கமோ திரும்பாமல், யாருமே இல்லாத தன் இடது பக்கம் பார்த்துச் சொன்னது: "ஏனுங்க, நல்லாத்தானுங்க பறக்குது!"

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த உரிமையில் இன்னும் சண்டைக்கு நிற்கும்,
ரோசியின் தம்பி, ஸ்டெல்லாவின் தாய்மாமன்.