உச்சரிப்புக்காகக் குறைத்த ஏழு மதிப்பெண்

ஜூன் 12, திங்கள்
ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை. எட்டு வருடம் பிரெஞ்சு பேசும் ஊரில் வளர்ந்தவளாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிரெஞ்சில் படபடவென்று ஏதோ கேட்டாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"முதல்ல உட்காரும்மா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

பதினொரு வருடமாக பிரெஞ்சு டீச்சர். அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவரிடமும் இதுவரை நான் பேசியதில்லை. யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஜூன் 14
அவள் உட்காரும் பக்கம் திரும்பாமலேயே பாடத்தை முடித்தேன். கழுத்து வலிக்கிறது.

ஜூன் 19
ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி இங்கிலீஷ் சார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கிராமர்'. "உங்களுக்கென்ன டீச்சர், பாடம் நடத்த ஆள் வந்தாச்சு. காலை நீட்டி உட்கார வேண்டியதுதான்" என்றார். சிரித்து வைத்தேன். பிள்ளைகள் ஏதாவது சொல்லியிருப்பார்களோ? இல்லை, சும்மா கிண்டல்தான். கிண்டல்தானா?

ஜூன் 22, வியாழன்
வாசிப்புத் தேர்வு. தண்ணீர் ஓடுவது போல வாசித்தாள். இருபதுக்குப் பதின்மூன்று போட்டேன். காரணம் எழுதும் இடத்தில்: 'உச்சரிப்பு'.

நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அவள் சொல்லவில்லை, அதனால்தான் — என்று அந்த நிமிடம் நினைத்தேன். பொய். பயம். நான் சொன்னதை அப்படியே ஒப்பித்த பையனுக்குப் பதினெட்டு.

ஜூன் 23
ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "மிஸ், எந்த வார்த்தையத் தப்பா சொன்னேன்? சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்."

"நிறைய இருக்கு. அப்புறம் சொல்றேன்."

தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள் — அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "புரியலேன்னா புரியலேன்னு சொல்லேன். குடியா முழுகிடும்?" என்கிறார். ஆமா, முழுகிடும்! இவருக்கென்ன தெரியும்?

ஜூன் 27, செவ்வாய்
தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். உள்ளே அந்தப் பெண்ணின் அம்மா. மதிப்பெண்ணுக்காகச் சண்டை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"மார்க் போனா போகட்டும் டீச்சர். நாலு நாளா தங்கச்சிகிட்ட பிரெஞ்சுல பேச மாட்டேங்குறா. 'நான் தப்பா பேசுறேன், அவளும் தப்பா கத்துக்குவா'ங்குறா. எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"தப்பு எதுவும் இல்லைங்க. அவ பேசுறது எனக்குத்தான் புரியல."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "நடந்ததை நாளைக்கு எழுதிக் குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

வகுப்பைப் பிடுங்கிவிடுவார்களா? வேலையே போய்விடுமா?

ஜூன் 28
இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டு ஆறு வரி எழுதினேன். 'பயத்தினால்' என்ற சொல்லை அடித்து, திரும்ப எழுதினேன்.

தலைமையாசிரியை நின்றபடியே படித்தார். "மார்க்கை மாத்துங்க. வகுப்புல நீங்களே சொல்லிடுங்க. அரையாண்டு வரைக்கும் உங்க பாடத்துக்கு நான் வந்து உட்காருவேன்."

மானம் போனது. வேலை போகவில்லை.

ஜூன் 29
சொல்லிவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எங்களுக்கும் புரியல மிஸ்!" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இருபது என்று திருத்திய தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 4
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அதுவும் தமிழில்.

ஜூலை 10, திங்கள்
'தெரு' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, "இதை எப்படிச் சொல்லணும்?" என்று அவளிடம் கேட்டேன். எழுந்து சொன்னாள். நானும் சொன்னேன்.

"இல்ல மிஸ்."

மறுபடி சொன்னேன். தலைமையாசிரியை பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காது சுட்டது. மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னும் இல்ல மிஸ்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.