ஏரியில் போனவருக்கு ஒரு சீனிப் பொம்மை

ஒக்ரோபர் 27, ஞாயிறு

சிரோக்கோக் காற்று. ஆபிரிக்காவின் மணல் முழுவதும் இரவோடிரவாக இத்தாலியின் பலெர்மோவுக்குக் குடிவந்துவிட்டது. அதில் சரிபாதி சின்யோராவின் பல்கனியில். கூட்டினேன். திரும்பவும் வந்து படிந்தது. கூட்டினேன். பேரரசுகள் இப்படித்தான் விழுந்திருக்கும்.

சின்யோரா நுன்சியா, நான் வேலை செய்யும் வீட்டு அம்மா. எண்பதைத் தாண்டிய வயது, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நாலாம் மாடி, இருதய வருத்தம். அவருக்குச் சூப் வைத்து, குளிசை கொடுத்து, கையைப் பிடித்து நடத்தும் மகா மந்திரி அடியேன். கிழமையில் ஆறரை நாள் மந்திரி. மிச்ச அரை நாள் போர்கோ வெக்கியோவில் தங்கச்சி வதனி வீட்டில் படுக்கை.

மதியம் வழக்கம்போல அளந்தேன். எங்கள் ஊர் இறால் பூனை அளவு, வலையில் பிடிபட்டால் மியாவ் என்னும் என்று. சிரித்தார். பிறகு சுவரில் இருக்கும் மீசைக்காரர் படத்தைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். அப்பாவாம். அமெரிக்காவில் ஒரு ஏரியில், புயலில், கப்பலோடு போனவராம்.

ஏரியில் கப்பலா? எங்கள் குளத்தில் எருமை முங்கும், கப்பல் முங்காது என்றேன். என் பகிடிக்கு நானே சிரித்தேன்.

சின்யோரா சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சூப் அப்படியே ஆறிப்போனது.

ஒக்ரோபர் 28, திங்கள்

வெக்கை. ஸ்கூட்டர் சீட்டில் வடை சுடலாம்.

பால், எலுமிச்சை, மெழுகுதிரி, இருதயக் குளிசை. எல்லாம் வாங்கியாயிற்று.

மன்னிப்புக் கேட்டேன். பின்னேரம் தானாகவே சொன்னார். அப்பா போர்கோ வெக்கியோக்காரர். அம்மாவின் வயிற்றில் சின்யோரா இருக்கும்போது அமெரிக்கா போய், பெரிய ஏரியில் ஓடும் இரும்புக் கப்பலில் கரி அள்ளும் வேலை. நொவம்பர் புயலில் கப்பல் காணாமல் போனது. ஆளும் இல்லை, பலகையும் இல்லை. செய்தி வந்ததும் தெருவே சிரித்ததாம். சமுத்திரத்தையே தாண்டிப் போனவன் ஏரியில் தாழ்வானா, அங்கே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டான் என்று. சொல்லிச் சொல்லி அம்மாவும் நம்பிவிட்டார். கறுப்பு உடுக்கவில்லை. பூசை ஒப்புக்கொடுக்கவில்லை.

இந்த ஊரில் இறந்தோர் நாளுக்கு ஒரு வழக்கம். செத்த சொந்தங்கள் இரவில் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை கொண்டுவந்து ஒளித்துவைப்பார்கள். பிள்ளைகள் விடிய எழும்பி வீடெல்லாம் தேடும். தகப்பன் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பனிடமிருந்து பொம்மை. சின்யோராவுக்கு மட்டும் இல்லை. உயிரோடு இருக்கிறவன் பொம்மை கொண்டுவர மாட்டான் என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

"சாக முதல் எனக்கு இதொண்டுதான் தெரியவேணும்" என்றார். "செத்தவரோ, விட்டிட்டுப் போனவரோ?"

பல்கனியைக் கூட்டினேன்.

ஒக்ரோபர் 29, செவ்வாய்

அரை நாள் லீவு. வதனி வீடு. கத்தரிக்காய்க் குழம்பு. உலகின் எட்டாவது அதிசயம். ஒன்பதாவது அதிசயம் நான் சாப்பிட்ட அளவு.

ரொறொன்ரோவுக்கு ரெலிபோன். ரஞ்சன், சின்னம்மாவின் மகன், அங்கே லொறி ஓட்டுகிறான். ஏரிகளைச் சுற்றித்தான் ஓட்டமாம். என் குளத்துப் பகிடியைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"அண்ணை, மற்றக் கரை தெரியாது. முதல்நாள் பார்த்திட்டுக் கடலெண்டுதான் நினைச்சனான். வாயில விட்டுப் பாத்தாத்தான் உப்பில்லை."

ஏரிக்கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறதாம். அந்தக் காலத்துப் பெரும் புயல் ஒன்றின் நினைவாக. ஒரே புயலில் கப்பல் கப்பலாகப் போனதாம். ஒழுங்கை நீளத்து இரும்புக் கப்பல்கள், அலை வீட்டு உயரம், பனியும் சேர்ந்து. சிலவற்றில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ரெலிபோனை வைத்ததும் கவி வந்து மடியில் ஏறினாள். வதனியின் மகள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாவாம், உங்கள் வீட்டில் எந்தச் செத்தவர் பொம்மை கொண்டுவருவார் என்று.

"பெரிய மாமா, சின்ன மாமா மோர்த்தோவோ இல்லையோ?"

மோர்த்தோ என்றால் செத்தவர். வதனி குசினிக்குள்ளிருந்து அதட்டினாள். பிள்ளைக்குப் புரியவில்லை. பிள்ளை கேட்டது சரியான கேள்வி.

குணம். எங்கள் தம்பி. கிளாலிக் கடலேரியால் படகில் வரும்போது போனான். மூன்று வருடம். அவன் பெண்சாதி சாந்தி கொழும்பில், இன்னும் பொட்டோடு. மூத்தவன் நான், செத்தான் என்று வாய் திறந்து சொல்லாமல் அந்தியேட்டிச் சடங்கு இல்லை. நான் சொல்லவில்லை. ஊரும் சொல்லவிடவில்லை. கடலேரி மார்பளவுத் தண்ணீர்தானே, நடந்தே கரையேறியிருப்பான், எங்காவது ஆமியிடம் பிடிபட்டு இருப்பான் என்றது.

போர்கோ வெக்கியோவும் எங்கள் ஊரும் ஒரே ஊர்தான் போல.

ஒக்ரோபர் 31, வியாழன்

காற்று திரும்பிவிட்டது. வடமேற்கு. துறைமுகப் பக்கம் வானம் கருஞ்சட்டி.

ரஞ்சன் சொன்னதை ஒன்றும் விடாமல் சின்யோராவிடம் சொன்னேன். மற்றக் கரை தெரியாது, இரும்புக் கப்பல், அலை வீட்டு உயரம்.

கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு:

"உங்கட ஊர் இறால் எவ்வளவு பெரிசு?"

"பூனை அளவு."

"அந்த ஏரியில அலை?"

"வீடளவு."

"பாத்தியா" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

இத்தனை வருடம் அளந்த அளவெல்லாம் ஒரு நிமிடத்தில் வந்து கழுத்தைப் பிடித்தது. உண்மை கையில் இருக்கிறது, வாய் என்னுடையது. யார் நம்புவார்கள்.

பாத்திரம் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். பிறகு வந்து கட்டில் பக்கத்தில் இருந்து குணத்தைப் பற்றிச் சொன்னேன். ஏன் தொடங்கினேன் தெரியாது. கூட்டாமல் குறைக்காமல், என் இத்தாலியனுக்குத் தெரிந்த சின்னச் சொற்களில். காற்று. படகு கவிழ்ந்தது. ஆட்கள் எழும்பி நின்றார்கள். நிற்கக்கூடிய தண்ணீர்தான். அடியில் சேறு. ஒரு கால் இழுக்க மறு கால் புதையும். அலை வந்து நின்றவர்களைத் தள்ளியது. தள்ளினால் எழும்பலாம், ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு ஏலாது. சிலர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் கொழும்புக்கு வந்து சாந்தியிடம் சொன்னது இது. குணம் நன்றாக நீந்துவான். அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

"எவ்வளவு ஆழம்?" என்றார்.

"மார்பளவு."

"உன்ர தம்பிக்கு?"

"ஓம் சின்யோரா. அவன் கட்டை. கொஞ்சம் கூட இருக்கும்."

என் கை அவர் கைக்குள் இருந்தது.

"வீடளவு எண்டாய், நான் நம்பேல்லை. மார்பளவு எண்டால் நம்புறன்." பிறகு கேட்டார், "செத்துப்போனானோ?"

"எ மோர்த்தோ" என்றேன். இரண்டு சொல். இத்தாலியனில் சொல்ல முடிகிறது. தமிழில் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை.

நொவம்பர் 1, வெள்ளி

மழை. வானத்தின் குழாய் உடைந்துவிட்டது. போர்கோ வெக்கியோச் சந்தையில் தண்ணீர் கணுக்கால் வரை. மீன்கள் தாமாகவே கடலுக்குத் திரும்பிப் போவதை என் கண்ணால் பார்த்தேன் என்று கவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். உலகத்தில் இன்னும் ஒருத்தி மிச்சம்.

சீனிப் பொம்மை இரண்டு. வாள் பிடித்த வீரன் ஒன்று, நடனக்காரி ஒன்று. கோட்டுக்குள் வைத்துக் குழந்தை மாதிரிக் காத்து வந்தேன். வீரனின் வாள் நுனி கரைந்துவிட்டது. இனி அவர் சமாதான வீரர்.

நடனக்காரியை வதனியிடம் கொடுத்தேன். கவிக்கு, சின்ன மாமா கொண்டுவந்தது என்று ஒளித்துவை என்றேன். வதனி என்னைப் பார்த்தாள். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இருக்கவில்லை.

நொவம்பர் 2, சனி

இறந்தோர் நாள். மழை விட்டிருக்கிறது.

விடியக் கோப்பி கொடுக்கும்போது சின்யோராவிடம், நேற்று ஆரோ வந்து போன மாதிரி இருக்கு, தேடிப் பாருங்கோ என்றேன். விசர் என்றார். ஆனால் எழும்பினார். தடியும் நானுமாகத் தேடல். கட்டிலுக்குக் கீழ் என்னைக் குனியவைத்தார். அலுமாரி. தையல் பெட்டி. சோபாவுக்குப் பின்னால். எண்பது வயதுக்காரி தேடுவதை எண்பது வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து தேடினாலும் தேட முடியாது. நான் சரியான இடம் காட்டவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது, நான் பயந்துவிட்டேன், ஆனால் நிற்கமாட்டேன் என்றார்.

பாஸ்தா அவிக்கும் பெரிய சட்டிக்குள்.

இரண்டு கையாலும் எடுத்தார். வாள் நுனி இல்லாததைத் தடவிப் பார்த்தார்.

"ஆர் வைச்சது?"

"உங்கட அப்பா."

"பிந்தித்தான் வந்திருக்கிறார்" என்றார். "தூரம்தானே."

சாப்பிடவில்லை. நக்கிக்கூடப் பார்க்கவில்லை. மீசைக்காரர் படத்துக்கு முன்னால் வைத்தார். கறுப்புச் சால்வை எடுக்கச் சொன்னார். மெல்ல மெல்லக் கோயிலுக்கு. அப்பாவின் பேரில் பூசைக்குச் சொன்னார். பாதர் எந்த வருடம் இறந்தவர் என்று கேட்க, நான் பிறக்கிறதுக்கு முதல் என்றார். இரண்டு மெழுகுதிரி ஏற்றினார். இரண்டாவதுக்குப் பெயர் என்னிடம் கேட்டார். குணம் என்றேன். அவர் வாயில் அது 'குனா' என்று வந்தது.

இரவு வதனி ரெலிபோனில். கவி நடனக்காரியின் தலையைச் சாப்பிட்டுவிட்டாளாம். சின்ன மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாளாம், எங்கே சொல்வது என்று கேட்கிறாளாம்.

நொவம்பர் 3, ஞாயிறு

வெயில். குளிர்.

ரெலிபோன் கார்ட் வாங்கினேன். ஸ்டேஷன் பக்கத்துக் கூண்டு. சாந்தி தானே எடுத்தாள். என் சுகம் கேட்டாள், சின்யோரா சுகம் கேட்டாள். நான் ஏதாவது புளுகுவேன் என்று பார்த்திருந்தாள் போல. புளுகவில்லை. அதிலேயே விளங்கியிருக்கும்.

"அத்தான், பகிடி விடாமல் ஒருக்காச் சொல்லுங்கோ. அவர் வருவாரோ?"

"இல்லைப் பிள்ளை. குணம் செத்துப்போனான்."

ஒரு ரயில் போகும் சத்தம். அவள் இருக்கும் வெள்ளவத்தையில் ரயில் கடலோரமாகத்தான் போகும். அது போய் முடிந்தது.

"சரி அத்தான்" என்றாள். "உங்கட வாயால வரட்டும் எண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான். நாளைக்கு ஐயரிட்டைப் போறன்."

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். கார்ட் முடிந்துவிட்டது.

இங்கேயும் ஏதாவது செய்யவேண்டும். மூத்தவன் இளையவனுக்குச் செய்யலாமோ தெரியாது. கேட்க இந்த ஊரில் ஐயர் இல்லை. எள்ளு வதனியிடம் உண்டு. பச்சையரிசி உண்டு. தர்ப்பை இல்லை. ஒரேத்தோ ஆற்றங்கரையில் அது மாதிரி ஒரு புல் பார்த்திருக்கிறேன். நாளை வெளிச்சத்தோடு போய்ப் பிடுங்கி வரவேண்டும்.