பன்னிரண்டு படம், ஒரே கோட்டு

1957 மார்ச் 12, செவ்வாய்

பல்கலைக்கழகத்தில் புதிதாகப் புகைப்படக் கூடம் திறக்கிறார்கள். அதை நடத்த ஆள் தேவையாம். விண்ணப்பத்தோடு, நான் எடுத்ததில் சிறந்த பன்னிரண்டு படங்களை அனுப்ப வேண்டும். தலவாக்கலையில் பதினாறு வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்குப் படத்துக்கா பஞ்சம்? கணக்கப்பிள்ளை, லாரி டிரைவர், கல்யாண மாப்பிள்ளை என்று பொறுக்கி மேசையில் பரப்பினேன்.

தேத்தண்ணி கொண்டு வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, பன்னெண்டு பேருக்கும் ஒரே கோட்டு!”

ஸ்டூடியோவில் தொங்கும் என் கறுப்புக் கோட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் மாட்டிவிடுகிறேன். காலரில் போட்ட ஒட்டுக்கூடப் பன்னிரண்டிலும் தெரிந்தது. மானம் போயிற்று என்று படங்களை அள்ளப் போனேன்.

“எடுக்காதீங்க. அதப் போட்டதும் ஒவ்வொருத்தரும் எப்படி நிமிந்து நிக்கிறாங்கன்னு பாருங்க.”

உண்மைதான். அப்படியே உறையில் போட்டேன். விண்ணப்பத்தில் பிரஜாவுரிமை பற்றிய கேள்வியை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்; இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு இலங்கை அதை இன்னும் தரவில்லையே. அது நாளைக்கு.

விண்ணப்பிப்பவர் படமும் வேண்டுமாம். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்டதே இல்லை. கேமராவைச் சரிசெய்து வைத்து, அவளை அமுக்கச் சொன்னேன்.

“ஆடாதீங்க!” என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதே கோட்டுதான், தோளில் கொஞ்சம் இறுக்கம். ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றேன்.